ஆமென் வரும்வரை

மூன்று ஆமென் வந்தாயிற்று. நான்காவது வரவில்லை.

மேசையின் தலைமாட்டில் நின்று ஈதர் குப்பியைச் சாய்க்கப் போன என் கை பாதியில் நின்றது. நான் சத்தியபாயைப் பார்த்தேன். அவள் கதவோரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். உதடு இரண்டும் ஒட்டிக் கிடந்தன. மேசையில் கிடந்த போலீஸ்காரனுக்கு மோகனன் என்று பெயர், சேர்த்தலைப் பக்கத்து ஆள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வளைவில் போலீஸ் லாரி கவிழ்ந்து இடது முன்கை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. மூக்கையும் வாயையும் மூடிய துணிக்கு மேலே கண்ணை மட்டும் உருட்டி அவன் ஒவ்வொருவராக எங்களைப் பார்த்தான். வெளியே வராந்தாவில் அவனைக் கொண்டுவந்த ஏட்டின் பூட்ஸ் இங்கும் அங்குமாக நடக்கிற சத்தம் கேட்டது. ஐம்பத்து நாலாம் வருஷம், ஆகஸ்ட் மாசம். தெற்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்றாவது நாள். பஸ் இல்லை, கடை இல்லை. தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்களைப் பிரித்து மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று சுண்ணாம்பில் எழுதாத மதில் எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட நாளில், தமிழ் பேசுகிற நாலு பேர் மட்டும் இருக்கிற அறைக்குள் ஒரு மலையாளப் போலீஸ்காரன் கிடக்கிறான், எங்கள் ஆயா சத்தியபாய்க்கு ஆமென் வரவில்லை.

எனக்கு உடனே தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய தம்பி செல்லசாமியை முந்தின நாள் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. எந்த லாக்கப்பில் இருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை. பழி வாங்க இவளுக்கு நல்ல நேரம் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

என் பெயர் வேலாயுதன். பாறசாலைக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்குவது, காயம் கட்டுவது, ஆபரேஷன் நாளில் நோயாளி தூங்க ஈதர் சொட்டு விடுவது, எல்லாம் என் சோலி. அந்த ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினாலும் திருநீறு பூசுகிறவன் நான் ஒருத்தன்தான். ஆகவே ஆமென் எனக்குத் தகப்பன் வழியில் வந்ததல்ல, வேலையோடு சேர்ந்து வந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் ராஜதாஸ் டாக்டர் ஜெபம் செய்வார், எல்லாரும் கண்ணை மூடுவார்கள். எனக்கு மட்டும் மூட அனுமதி கிடையாது. அந்தக் காலத்து முறைப்படி நோயாளி தூங்கின பிறகுதான் ஜெபம். தூங்குகிறவன் மூச்சைப் பார்க்கிறவன் நான். அதனால் ஆறு வருஷமாக நான் ஜெபத்தைக் கேட்டதைவிட ஜெபிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். லீலாபாய் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டே கத்தரிகளை எண்ணுவார், விரல் அசைவில் தெரியும். டாக்டரின் நெற்றி சுருங்கிச் சுருங்கி விரியும். சத்தியபாய் தலையை நெஞ்சில் புதைத்துக்கொள்வாள். எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே ஆமென், உடனே கத்தி.

ஐம்பத்து மூணாம் வருஷம் மாசி மாசத்தில் நேசையன் வந்தான். காஞ்சிரங்குளத்தில் பனை ஏறுகிறவன். விழுந்ததில் வலது முழங்கால் முட்டுக்குள்ளே ஒரு எலும்புத் துண்டு பெயர்ந்து, நடக்கும்போது திடீரென்று பூட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் வீக்கம் ஒன்றும் தெரியாது. திருவனந்தபுரத்தில் எடுத்து வந்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். படம் முன்பின்னாகத் திரும்பி இருந்தது. வலது இடதாகத் தெரிந்தது. அவ்வளவுதான் நடந்தது. நேசையன் என் ஈதரில் தூங்கினான். சிஸ்டர் டாக்டர் சொன்ன காலைத் துடைத்துத் துணி விரித்தார். டாக்டர் ஜெபித்தார். "கர்த்தாவே, உம்முடைய பிள்ளை நேசையனுடைய இடது முழங்காலை உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்றார். அந்த நேரம் சத்தியபாய் சட்டென்று தலை நிமிர்ந்ததையும், அவள் வாய் திறந்ததையும், திறந்த வாய் மெல்ல மூடியதையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். நேசையனின் கெட்ட கால் எது என்று எனக்குத் தெரியாது, தலைமாட்டில் நிற்கிறவனுக்குக் காலைப் பற்றி என்ன கவலை. பிறகு எல்லாரும் ஆமென் சொன்னோம். நானும்தான்.

நல்ல முழங்காலைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. தைத்தார்கள். கண் விழித்த நேசையன், டாக்டர் ஏதோ கண்டுதான் அந்தக் காலைக் கீறினார் என்று கேள்வி கேட்காமல் கிடந்தான். ஐந்தாம் நாள் சீழ் வைத்தது. இரண்டு மாசம் கழித்து அந்தக் கால் மடங்காமல் விறைத்து நின்றுவிட்டது.

படம் திரும்பி இருந்தது தெரியவந்ததும் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, இரண்டு முழங்காலையும் பரிசோதித்துப் பார்த்ததாக எழுதிவிட்டால் தீர்ந்தது என்று ஆலோசனை சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. டாக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வார்டுக்கு நடந்தார். மருந்துத் தட்டோடு நானும் பின்னாலே போனேன். பன்னிரண்டு கட்டிலிலும் ஆள் இருந்தது. அத்தனை பேர் காதிலும் விழும்படி அவர் சொன்னார்.

"நேசையா, உனக்க கேடில்லாத காலையாக்கும் நான் கீறிப்போட்டேன். தப்பு எனக்கது. வேற ஆருக்கதும் இல்ல."

நேசையன் கூரை ஓட்டைப் பார்த்தான். "அப்ப இனி பனையில ஏற முடியாதா?" என்று கேட்டான்.

"முடியாது."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். டாக்டர் அங்கேயே நின்றார். ஒரு டாக்டர் தன் தப்பைத் தன் வாயால் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை, கேட்க முடியும் என்று நினைத்ததும் இல்லை.  

அன்று சாயங்காலம் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இடது காலில கேடில்லேன்னு உங்களில ஆருக்காவது தெரியுமா?"  கடைசியில் சத்தியபாய் எழுந்து நின்றாள். அவளுக்கு முந்தானையை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியும் டாக்டரய்யா. அண்ணைக்குக் காலம்பற குளிப்பாட்டும்போ வலதுகாலத் தொட்டதும் அலறினான். நீங்க ஜெபத்தில இடதுகாலுன்னு சொன்னிய. ஜெபத்துக்க எடையில எப்பிடி அய்யா வாய் தெறக்கது? கர்த்தரோட பேசிக்கிட்டு இருக்கியளே. பின்ன ஆமென் சொல்லியாச்சு. ஆமென் சொன்ன பொறவு என்ன சொல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சின்ன வயசிலிருந்து சர்ச்சில் ஒழுங்காக உட்கார்ந்து பழகின ஒருத்தி. ஜெபம் நடக்கும்போது கொசு கடித்தால்கூடத் தட்டக்கூடாது என்று வளர்ந்தவள். அவளை டாக்டர் கடித்துக் குதறப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் மெல்லச் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நிறுத்துங்கன்னு சொல்லதுக்கு ஒரு எடமே நான் வச்சிருக்கல்ல" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு அவள் பெயரைச் சொல்லி, உட்காரச் சொன்னார்.

அடுத்த வாரமே முறை மாறியது. ஜெபம் இனி நோயாளி தூங்குவதற்கு முன்னால். எந்தக் கை, எந்தக் கால், எந்தக் கண் என்று நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். பிறகு ஆமென், ஆனால் சேர்ந்து அல்ல, ஒவ்வொருவராக, அவரவர் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு. முதலில் டாக்டர். அடுத்தது கருவிகளையும் பஞ்சையும் எண்ணிவிட்டு சிஸ்டர். பிறகு வயிறு காலியா, பல் ஆடுகிறதா, மூச்சு சரியா என்று பார்த்துவிட்டு நான். கடைசி ஆமென் சத்தியபாய்க்கு. "நான் எதைப் பாக்கணும் அய்யா?" என்று அவள் கேட்டாள். "நீ எங்களப் பாரு" என்றார் டாக்டர். அவள் ஆமென் வராமல் சொட்டு விழக்கூடாது, கத்தி எடுக்கக்கூடாது. போதகர் கேள்விப்பட்டு வந்து வருத்தப்பட்டார். ஆமென் ஆண்டவரிடம் சொல்வது, அறை கழுவுகிறவளிடம் உத்தரவு கேட்பதற்கு அல்ல என்றார். "அப்பிடியே ஆகட்டும்னுதானே போதகரய்யா அர்த்தம்?" என்றார் டாக்டர். "ஆகலாமான்னு பாத்துக்கிட்டுச் சொல்லட்டும்." போதகர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் இரண்டு மூன்று மாசத்தில் அது எங்களுக்குப் பழகிப் புளித்துவிட்டது. ஆமென், ஆமென், ஆமென், ஆமென் என்று கண்டக்டர் விசில் அடிக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. "நம்ம ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர் சத்தியபாயாக்கும்" என்று நானே நாலு பேரிடம் கிண்டல் செய்திருக்கிறேன். நேசையனுக்கு ஆஸ்பத்திரி கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். ஒரு கால் விறைத்து, மற்றதைப் பிறகு திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்தும் முழுக்கச் சரியாகாமல், கம்பு ஊன்றி நடப்பான். சத்தியபாய் தினமும் மத்தியானம் வீட்டிலிருந்து அவனுக்கு ஒரு தட்டில் தின்ன ஏதாவது கொண்டுவந்து கொடுப்பாள். எதற்கென்று அவளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

முறை மாறின பிறகு அவள் ஆமென் சொல்லாத முதல் நாள் அந்த ஆகஸ்ட் நாள்தான்.

"சத்தியபாய்" என்றார் டாக்டர். அதட்டலாக இல்லை, சும்மா கூப்பிட்டார். அவள் கண் திறக்கவில்லை. வெளியே ஏட்டு கதவைத் தட்டினார். "எந்தா அவிடே? இனியும் துடங்ஙியில்லே?" இன்னும் தொடங்கவில்லையா என்று மலையாளத்தில் கத்தினார்.   டாக்டர் கத்தித் தட்டின் பக்கம் போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டார், நின்றார். ஒரு ஆயாவின் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு டாக்டர் நிற்கிறார். அந்த நாளில் அரசாங்கம் யாருக்காகவும் நிற்கவில்லை, ஜனங்களும் யாருக்காகவும் நிற்கவில்லை. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. சாமி சன்னதியில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

"ஏட்டே, காத்து நில்க்கணும். ஞங்ஙள் நோக்குகயாணு" என்று டாக்டர் கதவுப் பக்கம் பார்த்து மலையாளத்தில் சொன்னார், பொறுங்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று. பிறகு அவளிடம், "பதறாத. வந்தப்ப சொல்லு" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். மோகனனின் நல்ல கையைப் பார்த்தாள். "எனக்கு என்னவோ செரியா இல்ல அய்யா" என்றாள். நடந்து வந்து அந்தக் கையைத் தூக்கி, விரல் நகங்களை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "இப்பத்தான் நான் இந்தக் கையக் கழுவினேன். மஞ்ச வந்துது. நகத்துக்க உள்ள இப்பவும் உண்டு. பாருங்க. அழுக்குன்னு நெனச்சுக் கழுவிட்டேன். கண்ண மூடின பொறவாக்கும் எனக்குத் தோணிச்சு. மஞ்ச போட்டு மரச்சீனி கொழச்சு நான் நேசையனுக்குக் கொண்டாந்தேன். அவன் தட்டு வராந்தாவில இந்தப் போலீசு இருந்த பெஞ்சுக்கடியில காலியாக் கெடந்துது."

என் கையில் இருந்த குப்பியைக் கீழே வைத்தேன்.  இவன் வந்ததும் முறைப்படி நான் கேட்டேன், ஊணு கழித்தாயா, சோறு சாப்பிட்டாயா என்று. "இல்லா சாரே, ரெண்டு திவசமாயி" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கடை அடைத்து இரண்டு நாளாக அவன் சோறு பார்க்கவில்லை. எங்கள் நாட்டில் மரச்சீனிக் கிழங்கு, வெளியூரில் மரவள்ளி என்பார்கள், அதைத் தின்றதைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, என் வீட்டிலும் சேர்ப்பதில்லை. வயிறு நிறைய மரச்சீனியோடு கிடக்கிறவனுக்கு ஈதர் கொடுத்தால் தூக்கத்தில் வாந்தி எடுப்பான், அது மூச்சுக்குழலில் இறங்கும். சேர்த்தலைக்குப் பிணமாகத்தான் போயிருப்பான். அதை நான் செய்திருப்பேன், ஆமென் சொல்லிவிட்டு.

துணியை விலக்கி டாக்டர் மலையாளத்தில் கேட்டார். மோகனனின் கண் நிறைந்துவிட்டது. கேட்டில் இருக்கிற முடவன் சேட்டன் தந்தார், தப்பா சாரே, பசித்தது, தின்றேன், எல்லாம் தின்றேன் என்றான். அவரை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்றும் சொன்னான்.

டாக்டர் எலும்பைச் சுத்தம் செய்யாமல் மருந்துத் துணி மட்டும் சுற்றிவைத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபரேஷன் என்றார். ஏட்டு வராந்தாவில் குதித்தார். தமிழர்கள் சேர்ந்து என் ஆளைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்றார். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, அந்தத் தட்டைக் காட்டி, நடந்ததை டாக்டரே சொன்னார். கம்பவுண்டர் மேல் தப்பு என்று சொல்லவில்லை. நாங்கள் கேட்கிற கேள்வி போதவில்லை, இனி நேற்று ராத்திரி முதல் வாய்க்குள் போனது என்னவெல்லாம் என்று கேட்போம் என்றார். ஏட்டு தட்டையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அடங்கிவிட்டார்.

நான் சத்தியபாயைக் கிணற்றடியில் போய்ப் பார்த்தேன். மேசையடியில் நின்று அவளைப் பற்றி நினைத்ததை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீ செல்லசாமிக்காகச் செய்யிதேன்னு நெனச்சுப்போட்டேன் பிள்ளே" என்றேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கும் அந்தப் பயம் உண்டு கம்பவுண்டரே. கோவத்திலதான் வாய் வரலியோன்னு. அதாக்கும் அவ்வளவு நேரம் கண்ணத் தெறக்காம நிண்ணேன்" என்றாள்.  அவள் முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆறு மணிக்கு வானம் மூடிக்கொண்டது. அந்த ஆஸ்பத்திரிக்கு அப்போது கரண்ட் இல்லை, ஜன்னல் வெளிச்சத்தில் பகலில்தான் எப்போதும் ஆபரேஷன். ஈதர் இருக்கிற அறையில் விளக்குக் கொளுத்த முடியாது, தீப்பிடிக்கும். பெரிய டார்ச் ஒன்று உண்டு, அதைப் பிடிக்க ஆள் வேண்டும். கடையடைப்பில் வேறு யாரும் வேலைக்கு வரவில்லை. டாக்டர் கேட்டுக்குப் போய் நேசையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அவன் கம்பைக் கதவில் சாய்த்துவிட்டு, சுவரில் முதுகைக் கொடுத்து, டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் வருகிறான். மோகனன் தன் வாயால் இடது கை என்றான், மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர்கூட இல்லை என்றான். டாக்டர் ஜெபித்தார். ஆமென் என்றார். சிஸ்டர் எண்ணிவிட்டு ஆமென் என்றார். நான் அவன் வாயைத் திறந்து நாக்கடி வரை பார்த்துவிட்டுச் சொன்னேன். சத்தியபாய் நகங்களைப் பார்த்தாள், எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள், ஆமென் என்றாள். நான் குப்பியை எடுத்தேன்.

"பொறு வேலாயுதா" என்றார் டாக்டர். "இந்த முறியில நிக்கியவன் எல்லாரும் சொல்லணும். நேசையா, நீயும்."

நேசையனுக்குப் புரியவில்லை. டாக்டர் முறையைச் சொன்னார். அவன் மெல்லக் கேட்டான். "எனக்க காலு கீறும்போவும் இப்பிடித்தான் சொன்னியளா?"

"இல்ல. அப்ப எல்லாரும் சேந்து ஒண்ணாச் சொன்னோம்" என்றார் டாக்டர்.

"ஆரெல்லாம்?"

யாரும் பேசுவதற்கு முன்னால் சத்தியபாய் பேசினாள். "நானும் சொன்னேன் நேசையா. கால் மாறிப்போச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாக்கும் சொன்னேன்."

நேசையன் கையில் இருந்த டார்ச் வெளிச்சம் அவள் முகத்துக்குத் திரும்பியது. அவள் கையை வைத்து மறைக்கவில்லை, கண்ணையும் மூடவில்லை.  வெளியே மழை பிடித்துவிட்டது, ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வெளிச்சம் அவள் முகத்திலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது. மோகனனின் வலது தோளில் நின்றது. அங்கிருந்து முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல் என்று அவசரமே இல்லாமல் நகர்ந்தது. அடிபடாத கை, கத்தி படக்கூடாத கை. மோகனன் தனக்குத்தான் ஏதோ உத்தரவு என்று நினைத்து அந்த விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிக் காட்டினான். வெளிச்சம் நெஞ்சைத் தாண்டி இடது கைக்குப் போனது, துணிக்கட்டின்மேல் நின்றது, மறுபடியும் நல்ல கைக்கே திரும்பி வந்தது.

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் குப்பியைத் தூக்கிப் பிடித்தபடி, நேசையனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.